வசதியில்லாத ஒரு லேபின் கதை

நமது கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பேச்சு எடுத்தாலே முதலில் வந்து விழும் வார்த்தை 'வசதி'. லேபில் அது இல்லை, இது இல்லை. இருப்பது ரிப்பேர். ரிப்பேர் ஆகாதது பீரோவுக்குள், பீரோ சாவி லீவில் போன சாரிடம். எங்கள் பேட்ச் பாடியதும் இதே பாட்டுதான். எங்களுக்கு முன்னால் படித்த அண்ணன்களைக் கேட்டாலும் இதே பல்லவியைத்தான் எடுப்பார்கள். மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் கதைகளை மற்றவர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில், இன்னொரு கல்லூரியின் லேப் ஒன்றைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைதான் அது. கதை நடந்தது 1985-86-இல்.

இஞ்சினியர்கள் மலரில் மருத்துவக் கல்லூரிக்கு என்ன வேலை என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். ரத்தப் பரிசோதனைக் கருவிகளைப் பராமரிப்பது என் பிழைப்பு. அந்த வகையில் எனக்கு இது பக்கத்து வீட்டுக் கதை. தவிர, இதன் நாயகி ஒரு ஸ்டூடண்ட். நடந்தது ஒரு ப்ராஜெக்ட். அது போதாதா?

முதலில் கொஞ்சம் பின்னணி. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வாராந்திர அறிக்கையில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த ஒரு விசித்திரமான நிமோனியாவைப் பற்றிச் சின்னக் குறிப்பு ஒன்று வெளியானது. எய்ட்ஸ் என்று பின்னால் பெயர் பெற்ற நோயின் முதல் பதிவு அதுதான். 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1985 மார்ச்சில் ரத்தத்தில் அதைக் கண்டறியும் எலிசா கிட்டுக்கு அமெரிக்காவில் முதல் லைசென்ஸ் கிடைத்தது. இவ்வளவும் நடந்த பிறகும் இந்தியாவில் ஒரு கேஸ்கூடப் பதிவாகவில்லை. பத்திரிகைகள் என்ன எழுதின தெரியுமா? இது ஒழுக்கம் கெட்ட மேல்நாட்டு வியாதி, நம் கலாசாரம் நம்மைக் காப்பாற்றும் என்று. கலாசாரத்தைப் பார்த்து வைரஸ் ஒதுங்கிப் போகும் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது.

சென்னை மருத்துவக் கல்லூரி சின்ன இடமல்ல. 1835-இல் மருத்துவப் பள்ளியாகத் துவங்கி, 1850-இல் கல்லூரி என்ற பெயர் பெற்றது. ஆனால் 1985-இல் இந்தப் புது வைரஸைத் தேடுவதற்கான எலிசா வசதி அங்கே கிடையாது. சென்னை நகரத்திலேயே கிடையாது! அங்கே பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனீதி சாலமன். தோல் வியாபாரம் செய்த மராத்திக் குடும்பத்தில் சென்னையில் பிறந்து, அதே கல்லூரியில் படித்து, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பயிற்சி பெற்று 1973-இல் ஊர் திரும்பியவர். எய்ட்ஸ் பற்றி வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் படித்துக்கொண்டே இருந்தார். நம் ஊரிலும் தேடிப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தன்னிடம் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வேட்டுக்கு இதையே எடுத்துக்கொள்ளேன் என்றார்.

நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. கிராமத்திலிருந்து வந்தவர். இரண்டு சின்னக் குழந்தைகள். அதுவரை எலிக்காய்ச்சல் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு எய்ட்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது. 'மாட்டேன்' என்றுதான் சொல்லிப் பார்த்தார். வீட்டில் கணவர்தான் தைரியம் சொன்னார்.

நோய் வர அதிக வாய்ப்புள்ளவர்களிடமிருந்து 200 ரத்த மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பது திட்டம். எங்கே போவது? பம்பாய், கல்கத்தா போல சென்னையில் தனியாக ஒரு 'ஏரியா' இல்லை. நிர்மலா ஜெனரல் ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனார். அங்கே சிகிச்சைக்கு வந்த ஓரிரு பெண்களிடம் பழகினார். அவர்கள் மூலம் வேறு சிலர் அறிமுகமானார்கள். அந்தப் பெண்களின் படிவங்களில் முகவரிக்கான இடத்தில் திரும்பத் திரும்ப 'வி. ஹோம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். விசாரித்தால் அது விஜிலன்ஸ் ஹோம், அதாவது பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு ஜாமீன் கட்ட வழியில்லாத பெண்களையும் ஆதரவற்ற பெண்களையும் அரசு அடைத்து வைத்திருந்த விடுதி. ஆராய்ச்சி முறை என்று நாம் பெரிய பெரிய புத்தகம் படிக்கிறோமே, ஒரு படிவத்தின் முகவரிக் கட்டத்தைக் கூர்ந்து பார்த்ததில் இவருக்கு வழி திறந்தது.

அப்புறம் தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் அந்த விடுதி. பஸ் காசு மிச்சம் பிடிக்கக் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். உள்ளே போய்ப் பேச்சுக் கொடுத்து, ஊசி குத்தி, ரத்தம் எடுத்து வர வேண்டும். கையுறை கிடையாது. வேறு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. தொற்றுள்ளவருக்குக் குத்திய ஊசி தவறிப்போய் நம் கையில் குத்தினால் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத் தொற்றும் என்பது பின்னால் தெரிந்த கணக்கு. அன்றைக்கு அந்தக் கணக்குகூடக் கையில் இல்லை. மூன்று மாதத்தில் சுமார் 80 மாதிரிகள் சேர்ந்தன.

இனி நம்ம ஏரியா. ரத்தத்தை எடுத்தபடியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட முடியாது. சிவப்பணுக்கள் உடைந்து எல்லாம் ஒரே குழம்பாகிவிடும், சோதனை தப்பாகும். சோதனைக் குழாயில் அரைமணி நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் நிமிடத்துக்கு 3,000 சுற்று போலச் சுற்றினால், கட்டி அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே தெளிவாக நிற்கிற வைக்கோல் நிறத் திரவம்தான் சீரம். உடம்பு எந்தக் கிருமியோடு சண்டை போட்டது என்பதற்கான சாட்சி, அதாவது எதிர்ப்புப் புரதங்கள், அதில்தான் இருக்கின்றன. இந்த வேலைக்கான சாமான்களை சுனீதி எங்கிருந்து கொண்டு வந்தார்? அவர் கணவர் விக்டர் சாலமன் இதய அறுவை சிகிச்சை நிபுணர். அவரிடமிருந்து கருவிகளை இரவல் வாங்கி, ஒரு குட்டி லேபை ஜோடித்தார்கள். ஆசிரியையும் மாணவியுமாக உட்கார்ந்து சீரம் பிரித்தார்கள். பிரித்த சீரத்தை வைக்க இடம்? நிர்மலாவின் வீட்டு ஃப்ரிட்ஜ்!

இன்று யாராவது இப்படிச் செய்தால் உயிரியல் பாதுகாப்புக் குழு வேலையை விட்டே அனுப்பிவிடும், அனுப்பவும் வேண்டும். ஆனால் தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது குருட்டுத் துணிச்சல் மட்டுமல்ல. நமக்கு வேண்டிய எதிர்ப்புப் புரதம் கொஞ்சம் தாங்கும் ஜாதி. சீரமாகப் பிரித்துக் குளிரில் வைத்துவிட்டால் சீக்கிரம் கெடாது. எந்தப் படியில் சமாளித்துக்கொள்ளலாம், எந்தப் படியில் கூடவே கூடாது என்று சுனீதிக்குத் தெரிந்திருந்தது. ஃப்ரிட்ஜ் விஷயத்தில் சமாளித்தார்கள். சீரம் பிரிப்பதில் சமாளிக்கவில்லை. கருவிப் பட்டியலை வைத்து ஒரு லேபை எடை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சோதனைக்கு வேலூர் சி.எம்.சி.யில் ஏற்பாடாயிற்று. அங்கே வைராலஜி துறைத் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான். எலிசா வசதி அவரிடம் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஒரு நாள் நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கிக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள். அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி. ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் என்ற இரண்டு இளம் டாக்டர்களை உதவிக்குக் கொடுத்தார் ஜான்.

எலிசா என்பதை மருத்துவம் தெரியாத நம்மவர்களுக்காக ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். 1971-இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் எங்வால், பெர்ல்மான் இருவரும் வெளியிட்ட முறை அது. அதற்கு முன்பு இந்த மாதிரி நுண்ணளவுகளைப் பார்க்கக் கதிரியக்கப் பொருளை அடையாளமாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அதன் இடத்தில் ஒரு என்சைமை ஒட்டினார்கள். ஒரு பிளாஸ்டிக் பரப்பில் வைரஸின் புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். இன்று சாதாரணமாகப் பார்க்கும் தட்டில் 8 வரிசை, 12 பத்தி, ஆக 96 குழிகள். 1985-இல் வந்த முதல் கிட்டில் சின்னச் சின்ன மணிகள். சீரத்தை ஊற்றினால், அந்த வைரஸுக்கு எதிரான புரதம் அதில் இருந்தால், போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைக் கழுவி ஊற்றிவிட வேண்டும். அப்புறம், மனித எதிர்ப்புப் புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்கிற இன்னொரு புரதம், அதன் முதுகில் என்சைம். மறுபடி கழுவல். கடைசியில் நிறமில்லாத ஒரு ரசாயனம். என்சைம் இருந்தால் அதை மஞ்சளாக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரி நிற்கும். மெஷினுக்குள் இருப்பதெல்லாம் ஒரு விளக்கு, ஒரு ஃபில்டர், ஒளியை அளக்கும் ஒரு டயோட். உள்ளே போன ஒளிக்கும் வெளியே வந்த ஒளிக்கும் உள்ள விகிதத்தின் லாகரிதம். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ், அவ்வளவுதான். இதில் முக்கால்வாசித் தப்பு நடப்பது கழுவுகிற இடத்தில். என் சர்வீஸ் கால்களில் பாதிக்கு மேல் கழுவும் குழாய் அடைத்துக்கொண்ட கேஸ்தான்.

வேலூரில் காலை எட்டரைக்கு வேலையை ஆரம்பித்தார்கள். நண்பகலில் கரண்ட் கட்! (தமிழ்நாட்டு வரலாறு எழுதும்போது இதை விட முடியுமா?) டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பினார்கள். ஜார்ஜ் பாபு மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார், விளையாடாதீர்கள் என்றார். அதற்குள் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு மாதிரிகள் மஞ்சளாகியிருந்தன. பின்னாலேயே வந்த சிமோஸும் பார்த்தார், ஓடிப்போய் ஜானைக் கூட்டி வந்தார். ஜான் வந்ததும் கேட்டது, இந்த ரத்தத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்றுதான். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள்.

ஏன் அன்றைக்கே அறிவிக்கவில்லை? இது எனக்கு மிகவும் பிடித்த இடம். நூற்றுக்கு 99 சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பேரில் பத்துப் பேருக்குத்தான் தொற்று. அந்தப் பத்துப் பேரும் மஞ்சளாவார்கள், சரி. மீதி 9,990 பேரில் நூற்றுக்கு ஒருவர் தப்பாக மஞ்சளானால் அதுவே நூறு பேர். ஆக 110 மஞ்சளில் நிஜம் பத்துதான். 99 சதவீதச் சோதனை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, பதினொன்றில் பத்து பேரை அநியாயமாகக் கலங்கடித்துவிடுவோம்! அந்த விடுதியின் 80 மாதிரிகளில் இந்தக் கணக்குப்படி தப்பு ஒன்று வரலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. ஆறு என்பது தற்செயலாகத் தெரியவில்லை. ஆனாலும் எலிசாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேறு தொற்றுகள் நிறையப் பார்த்த ரத்தம் சில சமயம் சம்பந்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது தப்பு ஒன்றிரண்டாக வராது, கும்பலாக வரும். ஆகவே வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டாவது சோதனை வேண்டும்.

சுனீதி, ஜான், பாபு, சிமோஸ் எல்லோரும் விடுதிக்கே போய் அந்த ஆறு பெண்களிடமும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். குழாய் மாறியிருக்குமோ, லேபிள் மாறியிருக்குமோ என்ற சந்தேகத்தை ஒழிக்க இதைவிட நல்ல வழி இல்லை. அதை எடுத்துக்கொண்டு சிமோஸ் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அங்கே வெஸ்டர்ன் பிளாட் சோதனை. வைரஸின் புரதங்களை எடை வாரியாகப் பிரித்து ஒரு பட்டையில் வரிசையாகப் பதித்து, எந்தெந்தக் கோட்டில் நம் சீரம் ஒட்டுகிறது என்று பார்ப்பது. (டி.என்.ஏ.வுக்கு இதே மாதிரி ஒரு முறையை எட்வின் சதர்ன் என்பவர் கண்டுபிடித்ததால் அது 'சதர்ன் பிளாட்'. புரதத்துக்கு வந்ததை 1981-இல் ஒருவர் வேடிக்கையாக 'வெஸ்டர்ன்' ஆக்கிவிட்டார். விஞ்ஞானிகளுக்கும் நம்மைப் போலத்தான் ஹாஸ்டல் ஜோக்.) ஆறும் உறுதியாயின. இன்றும் நம் நாட்டில் தொற்று உண்டென்று சொல்வதற்கு முன் மூன்று வெவ்வேறு சோதனைகள் செய்வது வழக்கம்.

செய்தி மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குப் போய், பிரதமர் ராஜீவ் காந்தி வரை எட்டியது. 1986 மே மாதம் சட்டசபையில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தபோது, சுனீதியும் நிர்மலாவும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பலர் நம்பவில்லை. சோதனையே தப்பு என்றார்கள். சென்னையின் பெயரைக் கெடுக்க வந்தவர்கள் என்றுகூடப் பேச்சு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி சஞ்சிகையில் 1987-இல் கட்டுரை வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் நிர்மலா தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தலைப்பு 'தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு'. தேர்வு எழுதிப் பாஸ் செய்து, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசி தயாரிப்பு வேலைக்குப் போய்விட்டார். பல ஆண்டுகளுக்கு அவர் பெயர் வெளியே அதிகம் தெரியாது. சுனீதி 1993-இல் தன் பிறந்த வீட்டுப் பெயரான கைதோண்டே பெயரில் எய்ட்ஸ் ஆராய்ச்சி மையம் நிறுவி, மற்ற ஆஸ்பத்திரிகள் தொடத் தயங்கிய நோயாளிகளைப் பார்த்தார். 2015-இல் காலமானார். 2017-இல் பத்மஸ்ரீ.

இதோடு நிறுத்தினால் நல்ல மேடைப் பேச்சாக இருக்கும். ஆனால் அந்த ஆறு பெண்கள்?

ரத்தம் எடுத்தபோது எதற்காக என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று நினைத்துக் கையை நீட்டினார்கள். படிப்பறிவு இல்லாதவர்கள், சொன்னாலும் புரிந்திருக்காது என்று நிர்மலா பின்னாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் நடைமுறை அதுதான். அதற்காக அதைச் சரி என்றும் என்னால் சொல்ல முடியாது. மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்யும்போது அவர்களின் சம்மதம் வேண்டும் என்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1980-லேயே கொள்கை அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்தத் தாளுக்குச் செலவு கிடையாது, இறக்குமதி லைசென்ஸ் கிடையாது, கரண்ட் கட்டானாலும் வேலை செய்யும். சென்ட்ரிஃப்யூஜை இரவல் வாங்கிய லேபில் அது ஒரு தேவை என்று யாருக்கும் படவில்லை. அதிலும் கம்பிக்குப் பின்னால் இருக்கிறவர் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

விளைவு லேபோடு முடியவில்லை. கண்டுபிடிப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் தொற்று உண்டென்று தெரிந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் அடைத்து வைத்தார்கள். சிகிச்சைக்காக அல்ல, அப்போது சிகிச்சையே இல்லை. ஊருக்குப் பரவிவிடும் என்ற பயம்தான் காரணம். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்தார். 90-களின் துவக்கத்தில் நீதிமன்றத்தின் மூலம் நூற்றுக்கணக்கான பெண்கள் விடுதலையானார்கள். இது தமிழ்நாட்டின் தனிக் குற்றமும் அல்ல. 1989-இல் கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞரை இதே காரணத்துக்காக 64 நாள் பூட்டி வைத்தார்கள். அவர் செய்த 'தப்பு' ரத்ததானம். தானம் கொடுத்த ரத்தத்தைச் சோதித்ததில் தெரிய வந்து, போலீஸ் வந்து கூட்டிப்போனது.

ஆய்வுக்கூடம் ஒரு முடிவை எழுதி அனுப்பினால் அது யார் மேசைக்குப் போகும், அங்கிருந்து என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் சர்க்யூட் வரைய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் சென்சாரோடு நிறுத்திக்கொள்கிறோம். வெளியீட்டுப் பக்கம் என்ன இணைத்திருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

சட்டம் வர வெகுகாலம் பிடித்தது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதனை செய்யக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது, தொற்று இருப்பதைக் காட்டி வேலையோ படிப்போ மறுக்கக்கூடாது என்கிறது அது. ஜூனியர்களுக்கு ஒரு தகவல். அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை போட்ட அறையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனால் முதலில் இருப்பது ஆலோசகரின் நாற்காலி. அவர் பேசி, நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பக்கத்து மேசையில் ரத்தம் எடுப்பார்கள். முடிவைத் தனியாகக் கூப்பிட்டு உங்களிடம் மட்டும் சொல்வார்கள். கட்டணம் கிடையாது.